லிஃப்டில் நாய் ஏறக் கூடாதா? அதற்கு முன், கடிபட்டவர் ஊசி போட்டுக்கொண்டாரா?

கேள்வி: சென்னை பெரம்பூரில், 42 வீடுகள் உள்ள அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் எங்களுக்குச் சொந்த வீடு. மூன்று வயது சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். பெயர் கருப்பன். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பகலில் பால்கனியில் கட்டியிருக்கும். கீழே ஆள் நடமாட்டம் கண்டால் குரைக்கும். போன மாதம் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் கொடுத்தது: நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது, மாதம் 1,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், 30 நாளுக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டும். லிஃப்ட் கூடாது என்றதால் படியில் கூட்டிப்போகிறேன். நான்கு நாள் முன்பு இரண்டாவது மாடித் திருப்பத்தில் சாப்பாடு டெலிவரிக்கு வந்த பையன் எதிரே வர, கருப்பன் பாய்ந்து கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்தது. என் ஒரு கையில் குப்பைப் பை, இன்னொரு கையில் இழுக்க இழுக்க நீளும் கயிறு. பிடிக்க முடியவில்லை. பையனிடம் 2,000 ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டான். இதற்கு முன் வாட்ச்மேனைப் பார்த்து உறுமும், கடித்ததில்லை. இப்போது செகரட்டரி, 'அந்தப் பையனை வைத்துப் போலீஸில் புகார் கொடுக்க வைப்பேன்' என்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், 'பிஸ்கட்டில் மருந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று போட்டிருக்கிறார். கருப்பனுக்கு இந்த ஆண்டு ரேபிஸ் ஊசி போட வேண்டிய தேதி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. மாநகராட்சி உரிமமும் எடுக்கவில்லை. நாயைக் கோவில்பட்டியில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? சங்கத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போனில் பேசிவிட்டேன். பத்திரிகையில் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் லிஃப்ட், அபராதம், செகரட்டரி என்று எல்லாம் இருக்கிறது. கடிபட்ட அந்தத் தம்பி ஊசி போட்டுக்கொண்டாரா என்பது மட்டும் இல்லை. முதல் வேலை அதுதான். பல் பதிந்து தோல் கிழிந்தால் மருத்துவர்கள் அதை மூன்றாம் வகைக் காயம் என்பார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், காயத்தைச் சுற்றி, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தைப் போட வேண்டும், அப்புறம் தடுப்பூசி. தோலில் போடும் முறையில் முதல் நாள் ஒரு தவணை, அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களில் அடுத்தவை. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ஆனால் ஒரு நாள் வண்டி ஓட்டாவிட்டால் வருமானம் இல்லாத ஒருவர், '2,000 ரூபாய் கிடைத்தது, காயமும் ஆறிவிட்டது' என்று இருந்துவிடக்கூடும். ரேபிஸ் வந்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை. ஆர்டர் செய்த வீட்டில் கேட்டு அவர் எண்ணை வாங்குங்கள். நீங்களோ உங்கள் கணவரோ கூடவே போய் ஊசி போடச் செய்யுங்கள். நான்கு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், தாமதமானாலும் போட்டே ஆக வேண்டும். மருத்துவமனைச் சீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் நாள்களில் அவர் இழக்கும் கூலியையும் கொடுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ அனுப்புங்கள்.

அடுத்தது கோவில்பட்டி. இப்போது அனுப்பவே அனுப்பாதீர்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அது நன்றாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து மருத்துவர்கள் சிகிச்சையை முடிவு செய்வார்கள். நாய் 500 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டால் யார் பார்ப்பது? சட்டப்படியும் இது கெடுதல். கடித்த வாரமே நாய் காணாமல் போனால், ஒளித்துவிட்டார்கள் என்றுதான் எந்த இன்ஸ்பெக்டரும் நினைப்பார். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். கருப்பனை அங்கே காட்டி, தேதி போட்டுச் சீட்டு வாங்குங்கள். பத்தாவது நாள் மறுபடியும் காட்டுங்கள். விட்டுப்போன ஊசியை எப்போது போடுவது என்பதை அந்த மருத்துவரே சொல்லட்டும். 'போன தேதி போட்டு எழுதித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊசி தவறியது ஒரு கவனக்குறைவு. பொய்ச் சான்றிதழ் தனிக் குற்றம்.

சரி, போலீஸ் விஷயத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில், தெரிந்தோ அலட்சியமாகவோ தடுப்பு ஏற்பாடு செய்யாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்தபோது அபராதம் 1,000 ரூபாய். அதோடு அலட்சியத்தால் காயம் ஏற்படுத்தியதற்கு 125ஆம் பிரிவையும் சேர்ப்பார்கள். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை, பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் 2,000 ரூபாய் கொடுத்ததால் புகார் கொடுக்கும் உரிமை அவருக்குப் போய்விடாது. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடும் உரிமையும் போகாது.

நீங்கள் விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'வாட்ச்மேனைப் பார்த்து உறுமும்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது, வெளியாள் வந்தால் கருப்பனுக்கு ஆகாது என்று உங்களுக்கு முன்பே தெரியும். 'தெரிந்தும் என்ன ஏற்பாடு செய்தீர்கள்?' என்றுதான் நீதிமன்றம் கேட்கும். ஒரு கையில் குப்பைப் பை, மறு கையில் நீளும் கயிறு என்பது அதற்குப் பதில் ஆகாது. அந்தக் கயிற்றில் பிடியை ஒட்டி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பூட்டினால் கயிறு நீளாது. படிக்கட்டுத் திருப்பத்தில் பூட்டாத கயிறு, எதிரே வருகிறவர் கால்வரை நாயைக் கொண்டுபோய்விடும். கட்டடத்துக்குள் நீளும் கயிறே வேண்டாம், ஒன்றரை மீட்டர் சாதாரண நாடா போதும். சிப்பிப்பாறைக்குத் தலை குறுகல், கழுத்து நீளம். சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துப் போடும் பட்டை வாங்குங்கள். பழகும்வரை பொது இடத்தில் வாய்மூடியும் போடுங்கள். குப்பையைத் தனியாகப் போய்ப் போடுங்கள்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஒரு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது உங்களுக்கு நினைவிருக்கும். நாய் உரிமையாளர் கைதானார். அதற்குப் பிறகு இந்த ஊரில் நாய்க்கடிப் புகாரை யாரும் 'பேசி முடிச்சுக்கோங்க' என்று எளிதில் திருப்பி அனுப்புவதில்லை.

உரிமம் எடுக்காததும் இப்போது உங்களைப் பலவீனமாக்குகிறது. மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் ஆண்டுக்கு 50 ரூபாய்தான், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். ஊசி போட்ட சான்று கேட்பார்கள். 2025 இறுதியில் மைக்ரோசிப்பையும் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) சேர்த்துக் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். 50 ரூபாயில் முடிகிற வேலை. என் அனுபவத்தில், நாய் தகராறில் உரிமையாளர் முதலில் தோற்கிற இடம் இதுதான். எதிராளி எழுந்து, 'உரிமம் காட்டச் சொல்லுங்கள்' என்பார், மேஜையில் வைக்க ஒன்றும் இருக்காது.

இனி சங்கம். இங்கே நியாயம் பெரும்பாலும் உங்கள் பக்கம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டாலும் சங்கம் செல்லநாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது எனச் சொல்ல முடியாது. அபராதமும் விதிக்க முடியாது. குரைக்கிறது என்பதும் நாயை அப்புறப்படுத்தக் காரணம் ஆகாது. 2021 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றமும், செல்லப்பிராணிகளைத் தடை செய்யும் சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், எடுத்துக்காட்டலாம், மதிப்பு உண்டு. அந்த மாதம் 1,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் ஒரு மாதம்கூட விடாமல் கட்டிவிடுங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பி, 'மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர்' என்று உங்களைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அதே வாரியம்தான் நாய் வைத்திருப்பவருக்கும் பொறுப்புகளைச் சொல்கிறது. நாய் அசிங்கம் செய்தால் அள்ளும்படி சங்கம் வேண்டுகோள்தான் விடுக்கலாம் என்கிறது வழிகாட்டுதல். வேண்டுகோள்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பாலிதீன் பையையும் பழைய செய்தித்தாளையும் கையில் எடுத்துப்போகிறவர் மேல் பொதுக்குழுவில் பாதிப் பேருக்குக் கோபம் வராது.

குரைப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம். சிப்பிப்பாறை தெற்கே கரிசல் காட்டில் முயல் விரட்டி ஓடிய இனம். அதைக் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை ஆறுக்கு நான்கடி பால்கனியில் கட்டிவைத்தால் குரைக்காமல் என்ன செய்யும்? இது சட்ட விஷயமும்தான். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் இருப்பதையும் கொடுமை என்றே சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் 'நாயைக் கொடுமைப்படுத்துகிறார்' என்று ஒரு புகார் பதிவானால் நாய்ப்பிரியர் என்ற உங்கள் வாதம் அங்கேயே சாய்ந்துவிடும். காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடக்க வையுங்கள். பகலில் வீட்டுக்குள் விடுங்கள். முடியாவிட்டால் மதியம் ஒரு நடை கூட்டிப்போக ஆள் வையுங்கள். குரைப்பு பாதி குறையும்.

'பிஸ்கட்டில் மருந்து' என்று எழுதியவரைச் சும்மா விட வேண்டாம். விலங்கைக் கொல்வதோ விஷம் வைப்பதோ நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை தரும் குற்றம். பழைய சட்டத்தில் விலங்கின் விலை பத்து ரூபாயா, ஐம்பது ரூபாயா என்று பார்த்துத் தண்டனை மாறும். புதுச் சட்டத்தில் அந்தக் கணக்கே இல்லை. மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிறுத்தாமல், அந்தப் போனையும் குரூப்பையும் அப்படியே வைத்திருங்கள். பின்னால் மின்னணு ஆதாரமாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று இணைக்க வேண்டியிருக்கும். இப்போதைக்குக் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினால் போதும். பெரும்பாலும் அந்த ரசீதே வேலையை முடித்துவிடும்.

வழக்குப் போடலாமா என்றால், போடலாம். லிஃப்டை மறிப்பதற்கும் நாயை வெளியேற்றச் சொல்வதற்கும் எதிராக உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். சங்கம் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதாக இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் புகாரும் கொடுக்கலாம். ஆனால் இன்றைக்கே போனால், கடி ஆறாத ஒரு கால், தேதி தாண்டிய ஊசிப் புத்தகம், எடுக்காத உரிமம் ஆகிய மூன்றோடும் போய் நிற்பீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். அதற்குள் அந்தத் தம்பியின் சிகிச்சை முடியும், ஊசி, உரிமம், சிப் எல்லாம் ஆகிவிடும்.

இடையில் நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள், மௌனமாக இருக்க வேண்டாம். ஒரு பக்கம் போதும்: வாரியத்தின் வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு தடையும் அபராதமும் செல்லாது என்று சொல்லுங்கள். நடந்த கடியை மறைக்காமல், சிகிச்சைக்கு என்ன செய்தீர்கள், இனி என்ன கயிறு, என்ன நேரம் என்று எழுதுங்கள். லிஃப்டில் வேறு ஆள் இருந்தால் அடுத்த தடவைக்குக் காத்திருப்பேன் என்று நீங்களாகவே ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி உங்களுக்கு மரியாதை சேர்க்கும். பழைய பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் நேரே கோர்ட்டுக்குப் போகாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனு கொடுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100. அங்கே செகரட்டரியையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அடுத்த வீட்டுக்காரரோடு பத்து வருடம் வாய்தா வாங்கிக்கொண்டே ஒரே லிஃப்டில் போய்வருவது எவ்வளவு சங்கடம் என்பதைப் பல கட்சிக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வீட்டுக்காரரோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் வேறு, சங்கத்தின் நோட்டீஸ் வேறு.

சங்கத்தின் பொதுக்குழு அடுத்த ஞாயிறு என்று போனில் சொன்னீர்கள். மருத்துவமனைச் சீட்டு, வேப்பேரிச் சீட்டு, உரிமத்துக்கு விண்ணப்பித்த ரசீது மூன்றையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். கருப்பனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.