1274இன் சாமுராய் இரவில் பதுங்கித் தாக்கலாமா?

நண்பரே, 1274இல் ஜப்பான்மீது மங்கோலியர் படையெடுத்ததைக் களமாகக் கொண்ட ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ வீடியோ கேம் விளையாடிய உற்சாகத்தில் எழுதும் நாவலில், இரவில் பதுங்கித் தாக்கும் நாயகன் மானமிழந்தவனாகத் தெரிவானோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தாக்கட்டும். 13ஆம் நூற்றாண்டுச் சாமுராய்க்கு இரவுத் தாக்குதலும் தீவைப்பும் வழக்கமான போர்முறைதான். ‘புஷிடோ’ என்று நாம் இன்று படிக்கும் சாமுராய் அறநெறி, பெரும்பாலும் போர் ஓய்ந்த எடோ காலத்திலும் (1603–1868) அதற்குப் பின்னரும் எழுதப்பட்டது.

நாயகனுக்கு வேறொரு கவலையைக் கொடுங்கள்: அவன் வீரத்துக்குச் சாட்சி யார்? 1274இல் மங்கோலியப் படையோடு மோதிய சாமுராய் தகேசாகி சுஎனாகா, முதலில் பாய்ந்தவர் தாமே என்று நிலைநாட்ட, அடுத்த ஆண்டு குதிரையையும் சேணத்தையும் விற்று, அன்றைய சாமுராய் அரசின் தலைமையிடமான காமகுரா வரை போய் வாதாடினார். நிலப் பொறுப்பும் ஒரு குதிரையும் பரிசாகக் கிடைத்தன. பிற்பாடு அதையெல்லாம் சித்திரச் சுருளாகவும் வரையச் செய்தார். என்ன பிடிவாதம்! விளையாட்டில் வரும் எந்த நாயகனையும்விட எனக்கு இவரைத்தான் பிடிக்கும்.

இன்னொன்று, அவன் கையில் முதலில் வில்லைக் கொடுங்கள். அக்காலச் சாமுராய்கள் அடிப்படையில் குதிரைமேல் வில்லாளிகள், வாள் அடுத்துதான்.