ஸ்லைடுக்குள் வீடியோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யூடியூபில் இருக்கும் ஒரு வீடியோவில் 40 விநாடி மட்டும் என் பவர்பாயின்ட்டில் காட்ட வேண்டும். லிங்க் போதுமா, டவுன்லோடு செய்தே ஆக வேண்டுமா?

அரங்கில் இணையம் நிச்சயம் கிடைக்கும் என்றால் லிங்க் போதும். 'இன்செர்ட்', 'வீடியோ', 'ஆன்லைன் வீடியோஸ்' என்று போய் முகவரியை ஒட்டினால் ஸ்லைடுக்குள்ளேயே ஓடும். ஆனால் இப்படிச் சேர்த்தால் வீடியோ ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்துதான் வரும். அந்த இடத்து நெட்வொர்க்கில் யூடியூப் தடுக்கப்பட்டிருந்தாலோ, உரிமையாளர் வீடியோவை நீக்கிவிட்டாலோ, ஸ்லைடில் ஒரு கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும். நடுவில் விளம்பரம் தலைகாட்டவும் வாய்ப்புண்டு. வேண்டிய பகுதியை மட்டும் ஓட வைக்கும் 'ட்ரிம் வீடியோ' வசதியும் ஆன்லைன் வீடியோவுக்கு வேலை செய்யாது. இந்த ஒரு விஷயத்தில் கூகுள் ஸ்லைட்ஸ் மேல்: வீடியோவைத் தேர்ந்தெடுத்து 'ஃபார்மட் ஆப்ஷன்ஸ்' திறந்தால், தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் குறித்துவிடலாம். அதற்கும் இணையம் வேண்டும். முக்கியமான கூட்டம் என்றால் கோப்பாகக் கையில் இருப்பதே நல்லது.

கேள்வி: அப்படியானால் முறையாக டவுன்லோடு செய்ய வழி என்ன?

யூடியூப் தானே தரும் டவுன்லோடு வசதியைத் தவிர வேறு வழியில், அனுமதியின்றி, வீடியோவை எடுப்பது அதன் விதிமுறைக்கு எதிரானது. பிரீமியம் சந்தாவில் டவுன்லோடு செய்தது யூடியூபுக்குள் மட்டுமே ஓடும். ஸ்லைடில் வைக்கத் தனிக் கோப்பு கிடைக்காது. இது தெரியாமல் சந்தா கட்டி ஏமாறுபவர்கள் உண்டு.

வீடியோ உங்களுடையதே என்றால் யூடியூப் ஸ்டூடியோவில் 'கன்டென்ட்' பக்கத்துக்குப் போய், அந்த வீடியோவின் மூன்று புள்ளி மெனுவில் 'டவுன்லோடு' கொடுங்கள். கிடைக்கும் கோப்பு மூலப் பதிவை விடத் தரம் குறைந்திருக்கும், ஆகவே மூலத்தை அழித்துவிடாதீர்கள். பிறருடைய வீடியோ என்றால், தேடல் முடிவுகளின் 'ஃபில்டர்' பகுதியில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று வடிகட்டலாம். படைப்பாளி பெயரைக் குறிப்பிட்டால் பயன்படுத்திக்கொள்ள அந்த உரிமம் இடம் தருகிறது. ஆனால் பதிவேற்றியவர்தான் உண்மையான உரிமையாளரா என்று பாருங்கள். அடுத்தவர் படத்தை ஏற்றிவிட்டுக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போடுபவர்களும் இருக்கிறார்கள்.

பொதுவான காட்சிகள் போதுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே, நாசா தளம் ஆகியவற்றில் டவுன்லோடு பொத்தானே இருக்கிறது. விமியோவில் உரிமையாளர் அனுமதித்திருந்தால் அங்கும் அந்தப் பொத்தான் தெரியும்.

பலரும் தவறவிடும் எளிய வழி, உரிமையாளரிடமே கேட்பது. எந்தக் கூட்டம், எத்தனை விநாடி, ஸ்லைடைப் பிறகு மற்றவர்களுக்கும் பகிர்வீர்களா என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். சம்மதித்தால் மூலக் கோப்பையே வாங்கிக்கொள்ளலாம். எந்த டவுன்லோடும் அந்தத் தரத்துக்கு வராது.

முகவரியை ஒட்டினால் வீடியோ தரும் தளங்களில் போலி டவுன்லோடு பொத்தான்கள் அதிகம். வந்த கோப்பின் பெயர் '.எக்ஸி' (.exe) நீட்டிப்பில் முடிந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அது வீடியோ அல்ல.

கேள்வி: எம்பி4 கோப்புதான். ஆனாலும் ஸ்லைடில் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது. ஏன்?

எம்பி4 என்பது வெளி உறை மட்டும். உள்ளே படம் எந்தக் கோடெக்கில் (சுருக்கி விரிக்கும் முறையில்) சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்தால் பவர்பாயின்ட்டில் பொதுவாகச் சிக்கல் வராது. இணையத்திலிருந்து எடுத்தவை விபி9 அல்லது ஏவி1 கோடெக்கில் இருக்கலாம்; ஐபோனில் 'ஹை எஃபிஷியன்சி' அமைப்பில் எடுத்தவை ஹெச்இவிசி கோடெக்கில் இருக்கும். அதற்கான கோடெக் இல்லாத கணினி ஒலியை மட்டும் புரிந்துகொண்டு படத்தை விட்டுவிடும். விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கும் வெப்எம் வகைக் கோப்புகளைப் பழைய பவர்பாயின்ட் பதிப்புகள் ஏற்பதே இல்லை.

எது என்று அறிய, கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து கன்ட்ரோல், ஜே விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் விவரம் வரும். எச்.264 இல்லையென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிவிடலாம். கோப்பை அதில் இழுத்துப் போட்டு 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட்டை (தயாராக இருக்கும் அமைப்பை) தேர்ந்தெடுங்கள். 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' என்று மாற்றி, வேண்டிய தொடக்கத்தையும் முடிவையும் இடுங்கள்; 40 விநாடித் துண்டு இங்கேயே கிடைத்துவிடும். 'வீடியோ' பகுதியில் என்கோடர் எச்.264 ஆக இருக்கட்டும். தர எண் 20 முதல் 23 வரை போதும். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். போனில் எடுத்த பதிவு என்றால் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். போன்கள் ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, ஏற்றி இறக்கிப் பதிவு செய்வதால், சில சமயம் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

480பி வீடியோவை 1080பி ஆக மாற்றித் தெளிவு கூட்ட முயலாதீர்கள். கோப்பின் அளவுதான் பெருகும்.

கேள்வி: வீடியோவை ட்ரிம் செய்த பிறகும் பவர்பாயின்ட் கோப்பின் அளவு குறையவில்லையே?

குறையாது. 'ட்ரிம்' வேண்டாத பகுதியை மறைக்கும், நீக்காது. 'ஃபைல்', 'இன்ஃபோ', 'கம்ப்ரெஸ் மீடியா' கொடுத்து 720பி தேர்ந்தெடுத்தால் மறைத்த பகுதியும் போய்விடும். நகல் கோப்பில் செய்யுங்கள்.

அளவை முன்கூட்டியே கணிக்கலாம்: நொடிக்கு 5 மெகாபிட் (8 மெகாபிட் ஒரு எம்பி) வேகமுள்ள வீடியோ நிமிடத்துக்கு 37.5 எம்பி, 40 விநாடிக்கு 25 எம்பி. ஜிமெயில் இணைப்பு வரம்பும் 25 எம்பிதான், மற்ற ஸ்லைடுகளோடு சேர்த்தால் தாண்டிவிடும். கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள்.

கேள்வி: ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்துகொள்ளலாமா?

உரிமம் இருக்கும் வீடியோவுக்குச் செய்யலாம். ரெக்கார்டிங் என்பதால் காப்புரிமை மாறிவிடாது. பவர்பாயின்ட்டிலேயே 'இன்செர்ட்' மெனுவில் 'ஸ்கிரீன் ரெக்கார்டிங்' இருக்கிறது. அறிவிப்புகளை முதலில் நிறுத்திவிடுங்கள். கட்டணத் திரைப்படத் தளங்களில் நகல் பாதுகாப்பு இருப்பதால் பெரும்பாலும் கறுப்புத்திரைதான் பதிவாகும்.

கேள்வி: என் கணினியில் சரியாக ஓடியது, அரங்கில் சத்தமே வரவில்லை. என்ன கோளாறு?

பெரும்பாலும் கோளாறே இருக்காது. எச்டிஎம்ஐ கேபிள் செருகியதும் ஒலி ப்ரொஜெக்டருக்குப் போயிருக்கும். அதில் ஸ்பீக்கர் இருக்காது, அல்லது ஒலி குறைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் டாஸ்க்பாரின் ஒலிக் குறியைச் சொடுக்கி, வெளியீட்டுச் சாதனத்தை மாற்றினால் சரியாகும்.

வேறொருவர் கணினியில் வீடியோவே காணாமல் போனால், சேர்க்கும்போது 'லிங்க் டு ஃபைல்' கொடுத்திருப்பீர்கள். பென்டிரைவில் ஸ்லைடு மட்டும் போயிருக்கும், வீடியோ பழைய கணினியிலேயே கிடக்கும். 'இன்செர்ட்' கொடுத்து உள்ளேயே பதித்துவிடுங்கள். தனி எம்பி4 நகல் ஒன்றும் அதே பென்டிரைவில் இருக்கட்டும், ஸ்லைடு மக்கர் செய்தால் நேரடியாக ஓட்டிவிடலாம்.