பீரோவில் இருக்கும் பழைய துணி பிறந்த குழந்தைக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம். சித்திரைக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். குழந்தை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்கிறார் மாமியார். அக்கா குழந்தையின் துணிகள் பாச்சை உருண்டை போட்டபடி பீரோவில் நிறைய இருக்கின்றன. கணவரோ ஆன்லைனில் பெரிய செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். என்ன செய்யலாம் டாக்டர்?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் மாமியாரோடு எனக்குச் சண்டை இல்லை. பலமுறை துவைத்து இளகிய பருத்தித் துணிதான் பிறந்த குழந்தையின் தோலுக்கு இதம். புதுத்துணி என்றால் கஞ்சியும் மிச்சச் சாயமும் போக ஒருமுறையாவது அலசிவிட்டுத்தான் போட வேண்டும். என் கவலையெல்லாம் அந்தப் பாச்சை உருண்டையைப் பற்றித்தான்.

அது நாப்தலீன். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பார்த்தால் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலீன் மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கும் வந்து தானாகவே போய்விடும் மஞ்சள் காமாலை, இந்தக் குழந்தைக்கு மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ஏறிவிடலாம். உடம்பில் எண்ணெய் இருந்தால் நாப்தலீன் இன்னும் சுலபமாகத் தோலுக்குள் இறங்கும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத குழந்தை ஏது?

அதனால் துணிகளை இப்போதே வெளியே எடுங்கள். இரண்டு மூன்று முறை துவைத்து, சில நாள் நல்ல வெயிலில் போடுங்கள். அப்புறம் முகர்ந்து பாருங்கள். லேசாக வாடை இருந்தாலும் அந்தத் துணி வேண்டாம். கம்பளி, தடித்த போர்வையில் வாடை லேசில் போகாது, ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த துணியை மடித்து மறுபடி அதே பீரோவில் வைத்துவிடப் போகிறீர்கள், பத்திரம்! தூளி கட்டும் சேலைக்கும், பாட்டி ஆசையாகப் போர்த்தும் சால்வைக்கும் இதே விதிதான்.

எத்தனை வேண்டும்? முன்பக்கம் நாடா கட்டும் ஜப்லா ஆறு போதும். தலை வழியாக மாட்டும் சட்டை முதல் மாதத்தில் எல்லோருக்கும் தொல்லை. துணி நாப்கின் மட்டும் இரண்டு டஜன் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கும், மலம் தனிக் கணக்கு. ஊக்கு குத்தாதீர்கள்.

பிறந்தவுடன் சில நாள் தொப்பி அவசியம். ஆனால் மதுரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், தொப்பி, உறை, சாக்ஸ், டவல் என்று மூட்டை கட்டினால் குழந்தைக்குச் சூட்டிலேயே காய்ச்சல் வரும். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். கையுறை போட்டால் உள்பக்கம் பிரிந்த நூல் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். நூல் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

கணவரின் செட்டுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் தலையணை, பால் பாட்டில், பவுடர் இருக்கும். மூன்றும் வேண்டாம். கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் வேண்டாம். சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். பவுடர் துகள் மூச்சில் போகும். பீய்ச்சிய பால் கொடுக்க நேர்ந்தால் பாலாடை இருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல குடைக் கொசுவலை ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிப் பையில் மூன்று ஜப்லா, பத்து நாப்கின், இரண்டு தொப்பி, துடைக்கவும் சுற்றவும் பழைய வேட்டியில் கிழித்த நாலைந்து துண்டுகள் போதும். ஒன்பதாம் மாதம் பிறக்கும்போதே பை தயாராக இருக்கட்டும்.