தொற்றுக்காலத்தில் கட்டுமான ஆய்வு மாநாடு: மலையக வாசகர் கேள்விகள்

பண்டாரவளையில் ஒரு மண்டபம் பார்த்திருக்கிறோம். நீளம் 10 மீற்றர், அகலம் 8, உயரம் 3. வழக்கமாக 80 பேர் இருப்பார்கள். இப்போது எத்தனை பேரை அழைக்கலாம்?

இரண்டு கணக்குப் போடுங்கள். முதலாவது இடைவெளி. ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் விட்டால், கதிரையோடு சேர்த்து ஒருவருக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, அதாவது 2.25 சதுர மீற்றர் வேண்டும். மேடை, நடைபாதை, வாசல் போக 50 சதுர மீற்றர் மிஞ்சினால் 22 பேர்தான்.

அடுத்தது காற்று. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு விநாடிக்கு 10 லீற்றர் வெளிக்காற்று கேட்கிறது. 22 பேருக்கு மணிக்கு 792 கன மீற்றர். அறையின் கனவளவு 240 என்பதால், மணிக்கு மூன்று தடவைக்கு மேல் காற்று முழுதாக மாற வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல்கள் திறந்திருந்தால் இது சாதாரணமாக நடக்கும். ஆனால் மலைநாட்டில் பிற்பகல் பனிமூட்டம் இறங்கியதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து யன்னலைச் சாத்துவார். அத்தோடு கணக்கு கெட்டது. சுவரில் மாட்டிய ஏசி உதவாது. அது உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும். மூச்சுக்காற்று அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் காபனீரொட்சைட்டு மானி ஒன்றை, உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், யன்னலிலிருந்தும் ஆட்களின் மூச்சிலிருந்தும் தள்ளி வையுங்கள். வெளியே 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும், உள்ளே 1,000 தொட்டால் அமர்வை நிறுத்தி எல்லோரையும் 10 நிமிடம் வெளியே அனுப்புங்கள். அழைப்பிதழிலேயே ‘ஸ்வெட்டர் கொண்டு வரவும்’ என்று போடுங்கள்.

தேநீரை விறாந்தையில் கொடுங்கள். முகக்கவசம் கழலும் நேரம் அதுதான்.

பாதிப் பேர் மண்டபத்தில், பாதிப் பேர் ஸூமில். சரிவருமா?

வரும், ஆனால் இரட்டைச் செலவு, இரட்டை ஆட்கள். ஆட்பலம் இல்லையென்றால் முழுவதும் இணையத்தில் வைப்பதே மேல். பெரும்பாலும் சொதப்புவது படமல்ல, ஒலி. தூரத்தில் பேசுபவரின் குரல் மண்டப ஸ்பீக்கரில் வந்து, மிக்ஸர் வழியாகத் திரும்ப அவருக்கே போகும். தன் குரலையே கேட்டு அவர் திணறுவார். ஸூமுக்கு அனுப்பும் ஒலியை மிக்ஸரின் ஆக்ஸ் (வேண்டிய ஒலிகளை மட்டும் தனியே அனுப்பும்) வெளியீட்டில் இருந்து எடுங்கள். ஸூம் குரல் வரும் சனலின் ஆக்ஸ் திருகியை மட்டும் பூச்சியத்தில் வையுங்கள். மண்டபத்தில் உள்ள மற்ற மடிக்கணினிகள் ஒலியில் இணையவே கூடாது. அவற்றின் மைக்கை மியூட் செய்தால் மட்டும் போதாது, ஸ்பீக்கரில் வரும் ஒலியும் மண்டப மைக்கில் புகுந்துவிடும். கேள்வி கேட்பவருக்கு ஸ்டாண்டில் நிறுத்திய மைக் இரண்டு. கைக்குக் கை மாறும் மைக் வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான். கட்டுரை வாசிப்பது எப்படி?

12 நிமிட உரையை முதலே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். விநாடிக்கு 1.5 மெகாபிற் தரத்தில் கோப்பு 135 எம்.பி. அளவில் வரும், இரவில் ஏற்றிவிடலாம். நேரலையில் கேள்வி பதிலுக்கு மட்டும் வாருங்கள், கமராவை அணைத்துவிட்டு. வெறும் குரலுக்கு விநாடிக்கு 100 கிலோபிற்றே போதும். மாநாட்டின் பயனே கேள்விகளில்தான் இருக்கிறது. வாசிப்பை யாரும் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்.

கரண்ட் போனால்? 12 வோல்ற், 1 அம்பியர் ரவுட்டர் 12 வாற் எடுக்கும். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரியில் 84 வாற்-மணி இருந்தாலும் பாதியையே பயன்படுத்த வேண்டும். மூன்றரை மணி நேரம் ஓடும். சார்ஜ் ஆகும்போது பற்றரி 13.8 வோல்ற்வரை ஏறுவதால் நேரே சொருகாதீர்கள். 12 வோல்ற்றில் நிறுத்தும் சீராக்கி இடையில் வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் மலையகப் பேச்சாளர்களைக் காலையில் போடுங்கள்.

பிரித்தானியா, அவுஸ்திரேலியாவில் இருந்தும் பேச்சாளர்கள் வருகிறார்கள். எந்த நேரம்?

ஜூலையில் நமக்குப் பி.ப. 1.30 என்றால் லண்டனில் காலை 9, மெல்பேர்னில் மாலை 6. இருவரையும் ஒன்றாகப் பிடிக்க 1.30 இலிருந்து 3.30 வரையான இரண்டு மணி நேரம்தான். முக்கிய உரைகளை அதற்குள் அடக்குங்கள். காலையில் தொடங்கி மாலைவரை திரையில் இருக்கச் சொல்வது தண்டனை.

ஊரடங்கால் 60 தொழிலாளரிடம் எடுக்கவிருந்த நேர்காணல் 18 ஆகிவிட்டது. தோட்ட வீடமைப்பு பற்றிய கட்டுரை. நிராகரிப்பார்களா?

மறைத்தால் நிராகரிப்பார்கள். ஏன் குறைந்தது, யார் விடுபட்டார்கள் என்று முறையியல் பகுதியிலேயே சொல்லுங்கள். தொலைபேசியில் எடுத்திருந்தால், போன் இல்லாத வீடுகளும் சிக்னல் எட்டாத லயன்களும் (தோட்டத்து வரிசை வீடுகளும்) உங்கள் மாதிரியில் இல்லை. அது சிறிய குறை அல்ல. ‘72 சதவீதம்’ என்று எழுதாமல் ‘18 பேரில் 13 பேர்’ என்று எழுதுங்கள். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு போன்ற அளவுகளைத் திட்ட வரைபடத்தில் இருந்தே எடுக்கலாம். அதற்குத் தளத்துக்குப் போகத் தேவையில்லை. ஈரக்கசிவு, சுவர் வெடிப்பு போன்றவற்றைக் குடியிருப்பவரே படமெடுத்து அனுப்பலாம். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பின் அகலம் தெரியாது.

மண்டப முற்பணம் திரும்ப வருமா?

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். வேடிக்கை என்னவென்றால், கட்டுமானக்காரர்களுக்கு இது புதிதல்ல: கட்டுமானத்துக்கான சர்வதேச மாதிரி ஒப்பந்தமான 1999 ஃபிடிக் ஒப்பந்தத்தின் 8.4 ஆம் உபபிரிவு கொள்ளைநோயால் வரும் ஆள், பொருள் தட்டுப்பாட்டுக்குக் காலநீடிப்புத் தருகிறது. அதைக் கரைத்துக் குடித்தவர்களே ஹோட்டல் விண்ணப்பத்தில் கண்ணை மூடிக் கையெழுத்திடுகிறார்கள். ஊரடங்கோ கூட்டத் தடையோ வந்தால் திகதி மாற்றம், அதற்குக் கட்டணமில்லை, இன்ன திகதிக்குள் ரத்துச் செய்தால் இவ்வளவு திரும்பும் என்று மூன்று வரி சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால் முற்பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் வேறு மண்டபம் பாருங்கள்.