வாடகையா, ஒத்தியா? ராம்நாடு கடக்கரை பக்கத்து கேள்விகளுக்கு பதில்

ராமநாதபுரம் தம்பி: அண்ணே, வீட்டுக்காரர் 4 லட்சம் ஒத்திக்கு கேக்குறாரு, 3 வருஷம் வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுசா திருப்பித் தருவாராம். 20 ரூபா பத்திரத்துல எழுதி சாட்சி கையெழுத்து போட்டா போதுங்கிறாரு. சரிதானா?

போதாது தம்பி, தயவுசெஞ்சு அப்படி பணத்தைக் குடுத்துறாத. ஒத்தின்னா நீ வாடகைக்காரன் இல்ல, வீட்டை அடமானமா புடிச்சு வட்டிக்குப் பதிலா குடியிருக்கிறவன். 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயோ அதுக்கு மேலயோ இந்த மாதிரி அடமானம்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சே ஆகணும். பதிஞ்சாத்தான் வில்லங்கத்துல உன் பேரு ஏறும், நாளைக்கு அவரு வீட்டை வேற ஆளுக்கு வித்தாலும் வாங்குறவர் உன் காசை செட்டில் பண்ணாம உன்னைக் கெளப்ப முடியாது. பணம் குடுக்குறதுக்கு முன்னாடி நீயே ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பாரு, ஏற்கனவே அந்த வீட்டு மேல பேங்க் கடன் இருந்தா பேங்குதான் முதல்ல, நீ அப்புறம்தான். பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்த காசு, சவுதில கஷ்டப்பட்டு அனுப்புன காசு, எல்லாத்தையும் வெறும் பேப்பர நம்பிக் குடுத்துட்டு அலையுற குடும்பங்களைப் பாத்தா வயிறு எரியுது, அதான் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

மண்டபம்: எல்லாரும் 11 மாசம்னே அக்ரிமெண்ட் போடுறாங்களே, ஏன்?

ஒரு வருஷத்தத் தாண்டுனா 1908 பதிவுச் சட்டப்படி பதியணும், அந்த செலவத் தவிர்க்கத்தான். ஆனா 2019 பிப்ரவரி 22ல இருந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் அமல்ல இருக்கு, எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும், ஆன்லைன்லயே முடியும்.

தங்கச்சிமடம் அக்கா: 10 மாச அட்வான்ஸ் கேக்குறாங்க தம்பி, வாடகை லேட்டானா கரண்ட்ட புடுங்கிருவேன்னு வேற மிரட்டல்.

சட்டம் சொல்றது 3 மாசம்தான் அக்கா, ஆனா ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கிட்டா அதுக்கும் அந்தச் சட்டத்துலயே எடம் இருக்கு, அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பேசிக் கொறைச்சிருங்க. கரண்ட், தண்ணிய நிறுத்த அவங்களுக்கு அதிகாரமே கிடையாது, நிறுத்துனா வாடகை அதிகாரிகிட்ட மனு குடுங்க.

கீழக்கரை: வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு, வாடகைய அப்படியே அவர் அக்கவுண்ட்ல போட்டுறலாமா?

வேணாம் காக்கா (அண்ணே). வீட்டுக்காரர் என்ஆர்ஐன்னா (வெளிநாடுவாழ் இந்தியர்) குடியிருக்கிற நீங்கதான் டிடிஎஸ், அதாவது வாடகைலயே வருமான வரியப் புடிச்சுக் கட்டணும், 30 சதவீத வரியும் அதுக்கு மேல செஸ்ஸுங்கிற கூடுதல் வரியும் சேத்து 31.2 சதவீதம். கம்மி வாடகைக்குன்னு தனி லிமிட் கிடையாது. நம்ம ஊர்ல பாதிப்பேருக்கு இது தெரியாது, நோட்டீஸ் வந்தா உங்க பேருக்குத்தான் வரும். வரியக் கொறைச்சுப் புடிக்க வருமான வரி ஆபீஸ்ல அவரு சர்டிபிகேட் வாங்கித் தரலாம், கேட்டுப் பாருங்க.

ராமேஸ்வரம்: வாடகைக்கு எடுத்த வீட்டுல ரெண்டு ரூம யாத்திரைக்காரங்களுக்கு விடலாமா? ஓனர் வாய்ல சரின்னுட்டாரு.

எழுத்துல சம்மதம் வாங்காம விடாதீங்க, உள்வாடகை விட்டது ஒண்ணே போதும், காலி பண்ணச் சொல்லி மனு போட்டுருவாங்க.