தோற்றது யாரால்: குவாட்டர்பேக்கா, கோச்சா?

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் நோவையில் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் 13 வயது மகனோடு உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் மேட்ச் பார்க்கிறேன். விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் அணி தோற்றால் அவன் பந்தை வீசும் குவாட்டர்பேக்கைத் திட்டுகிறான், நான் கோச்சைத் திட்டுகிறேன். இரண்டு பேருக்குமே காரணம் சொல்லத் தெரியவில்லை. டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தவறு யாருடையது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்கோர் பட்டையில் ஆட்ட நேரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன எண் இறங்கிக்கொண்டே வரும், கவனித்திருப்பீர்கள். அதுதான் பிளே கிளாக். வழக்கமாக ஒரு பிளே, அதாவது பந்தை ஒரு தடவை ஆடுவது, முடிந்ததும் 40-இல் தொடங்கும். அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அடுத்த ஸ்னாப், அதாவது பந்து குவாட்டர்பேக்கின் கைக்குப் பின்னால் போவது, நடந்தாக வேண்டும். கோச்சின் வேலை எங்கே முடிகிறது, குவாட்டர்பேக்கின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதற்கான கோடு அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டால் யார் பந்து வீசுவது, ஃபீல்டர் எங்கே நிற்பது எல்லாம் கேப்டன் கையில். இங்கே ஒவ்வொரு பிளேயையும் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். சில அணிகளில் தலைமை கோச், சில அணிகளில் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி கோச்சான ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர். குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டைப் பின்பக்கமிருந்து காட்டும்போது பாருங்கள், ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். உள்ளே ரேடியோ இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். 1994 முதல் இந்த ஏற்பாடு. கோச் அதன் வழியாகப் பிளேயின் பெயரைச் சொல்வார். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்வார். பிளே கிளாக் 15-ஐத் தொட்டதும் ரேடியோ அடங்கிவிடும். அதற்கப்புறம் குவாட்டர்பேக்கின் காதில் ரசிகர்களின் கூச்சல் மட்டும்தான்.

ஆகவே 40-இலிருந்து 15 வரை கோச்சின் நேரம். 15-இலிருந்து ஸ்னாப் வரை குவாட்டர்பேக்கின் கண்ணுக்கு வேலை: எதிரணி ஏமாற்றுகிறதா, சொன்ன பிளேயையே ஆடலாமா, மாற்றலாமா. ஸ்னாப்புக்குப் பிந்தின இரண்டரை, மூன்று வினாடி முழுக்க முழுக்க அவருடையது. பழியையும் பாராட்டையும் இந்தக் கணக்குப்படி பிரித்தால் பெரும்பாலும் தப்பாது.

இதற்கு உங்கள் ஊர் குவாட்டர்பேக்கை விட நல்ல உதாரணம் கிடையாது. ஜாரெட் காஃப் 2016 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக ராம்ஸ் அணிக்குப் போனார். தலைமை கோச் ஜெஃப் ஃபிஷர். அந்த வருடம் காஃப் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் ராம்ஸ் தோற்றது. வீசியதில் எண்ட் ஸோன் எனும் கடைசிப் பகுதியைச் சேர்ந்த டச்டவுன் 5, எதிரணி கையில் பிடிபட்ட இன்டர்செப்ஷன் 7. புள்ளி எடுப்பதில் லீக்கிலேயே கடைசி அணி அது. பையன் தேறமாட்டான் என்று பலர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். 2017 ஜனவரியில் ஷான் மெக்வே கோச்சாக வந்தார், வயது 30. அதே காஃபை வைத்துக்கொண்டு அந்த வருடம் ராம்ஸ் 11 ஆட்டம் வென்றது. புள்ளியில் 32-ஆம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வந்தது.

மெக்வே என்ன செய்தார் என்றால், அந்த 40 வினாடியைக் கையாளும் விதத்தை மாற்றினார். முந்தின பிளே முடிந்ததும் அணியை வேகமாக ஸ்னாப் நடக்கும் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ரேடியோ அடங்க இன்னும் நேரம் இருக்கும். எதிரணி எப்படி நிற்கிறது என்பதைத் தானும் பார்த்து, காஃபின் காதில் சொல்லிவிடுவார். இளம் குவாட்டர்பேக் ஸ்னாப்புக்கு முன்னால் திணறும் இடத்தில் அனுபவமுள்ள ஒருவர் உடன் நிற்பது போலத்தான் அது. இதைக் காஃபுக்குக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 22 வயதுப் பையனைத் தனியாகக் களத்தில் விட்டுவிட்டு அவன் தேறவில்லை என்று சொல்வதுதான் அநியாயம்.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. 2019 பிப்ரவரியில் நடந்த 53-ஆவது சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டியில், லீக்கில் அதிகப் புள்ளி எடுத்த இரண்டாவது அணியான ராம்ஸை பேட்ரியட்ஸ் மூன்றே புள்ளியில் நிறுத்தியது. முடிவு 13-3. அந்த மேட்சின் மூன்றாவது குவாட்டரில், அதாவது மூன்றாம் கால் பகுதியில், ஒரு பிளே இருக்கிறது. யூடியூபில் தேடி எடுத்து மகனுக்குக் காட்டுங்கள். ஸ்கோர் 3-0. ராம்ஸின் பிராண்டின் குக்ஸ் எண்ட் ஸோனில் தன்னந்தனியாக நிற்கிறார், பக்கத்தில் ஒருவரும் இல்லை. கோச் போட்ட திட்டம் அப்படியே பலித்துவிட்டது. காஃப் அவரைப் பார்த்துவிட்டார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. பந்து காற்றில் இருக்கும்போதே பேட்ரியட்ஸின் ஜேசன் மெக்கோர்ட்டி களத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து ஓடிவந்து தட்டிவிட்டார். ஒரு வினாடிக்கும் குறைவான தாமதம், ஒரு டச்டவுன் போயிற்று. அந்த வினாடியில் மெக்வே செய்ய ஒன்றுமில்லை. அது குவாட்டர்பேக்கின் கணக்கு.

இரண்டு வருடம் கழித்து, 2021-இல், மெக்வே காஃபையும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து அங்கிருந்த குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கினார். ஸ்டாஃபர்ட் டெட்ராய்ட்டில் 12 வருடம் ஆடியவர். அத்தனை வருடத்தில் ஒரு பிளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டம்கூட வென்றதில்லை. ராம்ஸுக்கு வந்த முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் வென்றார். அதுவரை டெட்ராய்ட்டில் தோல்விக்கெல்லாம் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதுவே பாதிப் பதில். மீதிப் பாதி காஃப். முதல் வருடம் லயன்ஸுக்குக் கிடைத்தது மூன்றே வெற்றி. 2022-இல் பென் ஜான்சன் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஆனார். காஃபுக்கு எது கைவருமோ அதைச் சுற்றியே ஆட்டத்தை அமைத்தார்: முதலில் பந்தோடு ஓடும் ஆட்டத்தைக் காட்டி எதிரணியை முன்னால் இழுப்பது, அப்புறம் நடுக் களத்தில் வேகமாக வீசுவது. 2024 ஜனவரியில் ஃபோர்ட் ஃபீல்டில் அதே ஸ்டாஃபர்டின் ராம்ஸை 24-23 என்று வென்றபோது, லயன்ஸ் 32 வருடத்துக்குப் பிறகு ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை ஜெயித்தது. அரங்கம் முழுக்கக் காஃபின் பெயரைச் சொல்லி முழங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, இப்போது சோபாவில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

ரீப்ளேயில் பந்தை விட்டுவிட்டு, அதைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைப் பாருங்கள். எல்லோரையும் ஒட்டிக்கொண்டே எதிரணி ஓடுகிறது என்றால், அதுவும் பிளேக்குப் பிளே நடக்கிறது என்றால், அழைத்தவரின் கற்பனை வறண்டுவிட்டது. ஒருவர் காலியாக நிற்கிறார், பந்து வேறு பக்கம் போகிறது அல்லது தாமதமாகப் போகிறது என்றால் அது குவாட்டர்பேக். ரிசீவரின் கையில் பட்டு விழுந்தால் இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள். 2024 ஜனவரியில் 49ers அணியோடு நடந்த மேட்சில் பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னால் இருந்த லயன்ஸ் 34-31 என்று தோற்றது. லயன்ஸ் கோச் டான் கேம்பெல் நான்காவது டவுனில், அதாவது 10 கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசியில், பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோலை அடிக்காமல் துணிந்ததைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். அதில் ஒரு தடவை பந்து சரியாகவே வந்தது, ரிசீவர் கைநழுவ விட்டார். அந்தத் துணிச்சலாலேயே அதற்கு முன்னால் வென்ற ஆட்டங்களையும் சேர்த்துத்தான் கேம்பெல்லை எடைபோட வேண்டும்.

அடுத்து சாக். குவாட்டர்பேக் கீழே தள்ளப்பட்டால் அவரைக் காக்கும் காவல் வரிசையைத் திட்டுவது வழக்கம். ஸ்னாப்பிலிருந்து மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். இரண்டுக்குள் விழுந்தார் என்றால் காவல் உடைந்தது, அல்லது பிளே தவறானது. மூன்றைத் தாண்டியும் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்று விழுந்தார் என்றால் பெரும்பாலும் அவர்தான் காரணம்.

கடிகாரம் மட்டும் கோச்சை விட்டு எங்கும் போகாது. 2024 தேங்க்ஸ்கிவிங் அன்று உங்கள் ஊரிலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிகாகோ பேர்ஸ் 20-23 என்று பின்னால் இருக்கிறது. ஒரு ஃபீல்ட் கோல் அடித்தால் சமன். பேர்ஸின் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் சாக் ஆனபோது அரை நிமிடம் போல மிச்சம், கையில் ஒரு டைம்-அவுட். யாரும் கூப்பிடவில்லை. வீரர்கள் எழுந்து, திரும்பி வந்து, வரிசையில் நிற்கிறார்கள், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்னாப் நடந்தபோது மிச்சம் 6 வினாடி. நீளமாக வீசிய பந்து கீழே விழுந்தது, ஆட்டம் முடிந்தது. வில்லியம்ஸும் மெதுவாகத்தான் நடந்தார், உண்மை. ஆனால் அவருக்கு அது முதல் சீசன். அவர் தடுமாறும்போது கூப்பிடுவதற்காகத்தான் டைம்-அவுட்டே இருக்கிறது. மறுநாள் பேர்ஸின் தலைமை கோச் மாட் எபர்ஃப்ளூஸ் வேலையை இழந்தார். அந்த சீசனில் வில்லியம்ஸ் 68 தடவை சாக் ஆனார். கோஆர்டினேட்டரை அதற்கு முன்பே நவம்பரில் மாற்றியிருந்தார்கள். முதல் வருடத்திலேயே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் எந்த இளைஞனால் கற்க முடியும்?

இளம் குவாட்டர்பேக் என்றால் நான் முதலில் கேட்பதே இதைத்தான்: பிளே அழைப்பவர் எத்தனை தடவை மாறினார்? ஆள் மாறும்போது பிளேக்களின் பெயர், காலடி வைக்கும் விதம், பார்வை போக வேண்டிய வரிசை எல்லாமே மாறிவிடும். கான்சஸ் சிட்டி குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு நேர் எதிராக நடந்தது. 2017-இல் வந்தவரை கோச் ஆண்டி ரீட் ஏறக்குறைய வருடம் முழுக்க மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்து, கடைசி ஆட்டத்தில் மட்டும் இறக்கினார். மறு வருடம் 50 டச்டவுன்.

ஆனால் மஹோம்ஸ் விஷயத்தில் உங்கள் மகன்தான் சரி என்று அவன் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி சூப்பர் பௌலில் கான்சஸ் சிட்டி 10-20 என்று பின்னால். ஏழு நிமிடம் சொச்சம் மிச்சம். மூன்றாவது டவுன், போக வேண்டியது 15 கஜம். மஹோம்ஸ் கோட்டோரம் வந்து, 'வாஸ்ப்' என்ற பிளேயை ஆட நேரம் கிடைக்குமா என்று தானே கேட்டார். காவல் வரிசை அவ்வளவு நேரம் தாங்குமா என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். தாங்கியது. பின்னால் வெகுதூரம் போய் நின்று வீசினார், டைரீக் ஹில்லுக்கு 44 கஜம் கிடைத்தது, அணி 31-20 என்று வென்றது. பிளே புத்தகம் ரீட்டுடையது. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று அந்த நொடியில் சொன்னவர் குவாட்டர்பேக். ரீட் தலைமை கோச்சாகி 21-ஆவது சீசன் அது. அதற்கு முன் தலைமை கோச்சாக அவர் ஒரு சூப்பர் பௌல்கூட வென்றதில்லை.

பழைய கணக்குகளை மகன் எடுத்துக்கொண்டு வருவான். குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் கழுத்து அறுவை சிகிச்சையால் ஆடாத 2011-இல் கோல்ட்ஸ் 10 வெற்றியிலிருந்து 2-க்கு விழுந்தது. பேட்ரியட்ஸ் கோச் பில் பெலிசிக்கை விட்டு குவாட்டர்பேக் டாம் பிரேடி போன முதல் வருடமே டாம்பா அணியில் சூப்பர் பௌல் வென்றார், பேட்ரியட்ஸுக்கு 7 வெற்றிதான். நீங்கள் 2008-ஐச் சொல்லுங்கள்: பிரேடி முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு விலக, பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு ஓர் ஆட்டம்கூடத் தொடங்கியிராத மாட் கேசல் வந்தும் பெலிசிக்கின் அணி 11 ஆட்டம் வென்றது. அப்புறம் கோச் ஜோ கிப்ஸ். வாஷிங்டனுக்காக மூன்று சூப்பர் பௌல், மூன்றிலும் வேறு வேறு குவாட்டர்பேக். இன்றுவரை வேறு எந்தக் கோச்சும் செய்யாதது.

லயன்ஸுக்கே திரும்புவோம். 2024 மே மாதம் காஃபுக்கு நான்கு வருடத்துக்கு 212 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். ஜான்சன் 2025 ஜனவரியில் சிகாகோவுக்குத் தலைமை கோச்சாகப் போய்விட்டார். புதிய கோஆர்டினேட்டர் பாதி சீசன் அழைத்தார், நவம்பரில் அந்த வேலையைக் கேம்பெல்லே கையில் எடுத்துக்கொண்டார். குவாட்டர்பேக் அதே ஆள், காதில் கேட்கும் குரல் மூன்று. அந்த மூன்று கட்டத்திலும் ஒவ்வோர் ஆட்டத்தின் ரீப்ளேயைத் தேடி எடுத்து, மகனோடு உட்கார்ந்து பாருங்கள். பிளே கிளாக் 15-ஐத் தொடும் வரை நீங்கள் கோச்சைக் கவனியுங்கள், அதற்கப்புறம் அவன் காஃபைக் கவனிக்கட்டும். ஒவ்வொரு மூன்றாவது டவுனுக்கும் ஒரு தாளில் 'கோ' அல்லது 'கு' என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த குவாட்டரில் இடம் மாறிக்கொள்ளுங்கள்.