மாவுக்கட்டு போட்ட காலின் விரலை நர்ஸ் ஏன் அடிக்கடி அழுத்திப் பார்க்கிறார்?

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்ட அப்பாவின் கால்விரலை நர்ஸ் மணிக்கொரு தடவை அழுத்திப் பார்ப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று அறியத்தான். நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் சுமார் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் சில்லிட்டிருக்கிறதா, மரத்திருக்கிறதா, அசைகிறதா என்றும் பார்ப்போம்.

எலும்பு வார்டில் வேலை பார்க்கும் நான் அதிகம் பயப்படுவது வலிக்குத்தான். ஊசி போட்டும் அடங்காத வலி, விரலை மெல்ல நிமிர்த்தினாலே துடிக்கவைக்கும் வலி என்றால், வீக்கத்தால் தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாடி கிடைக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அது கடைசியில்தான் மறையும். அழுத்தம் ஏறி 6 மணி நேரம் தாண்டினால் தசை மீளாமலே போகலாம். நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள். மாவுக்கட்டைப் பிளந்து தளர்த்த டாக்டரை உடனே வரவழைப்போம்.